பழைய பேப்பர் கடைக்குப் போன எங்கள் சபையின் கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கிறிஸ்தவக் கோவில் கட்டி 150 வருஷம் ஆனதைக் கொண்டாடிய செய்தி வந்திருந்தது. பேராயர் வந்தது, கொடியேற்றியது, புதுக் கோபுரத்துக்கு விளக்குப் போட்டது, அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசி வடித்தார்கள் என்பது வரை எல்லாம் இருந்தது. வாசிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 150 வருஷமும் அந்தக் கோவிலுக்குள் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன பாடுபட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் நிருபரை நான் குறை சொல்லவில்லை. அவர் விழா மலரைப் பார்த்து எழுதியிருப்பார், மலரிலேயே அது இருந்திருக்காது. எங்கள் சபையின் விழா மலரிலும் இல்லை. அந்த மலர்க் கமிட்டியில் நானும் ஒரு ஆளாக இருந்தேன், அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது கோவிலை ஒட்டி, போதகர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தார்கள். அங்கே மரப்பீரோ ஒன்று இருந்தது, கதவு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு. அதற்குள் இருந்ததை இரண்டு சாக்கில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கரையான் ஏறியிருக்கிறது, எழுத்தும் தெரியவில்லை, எதற்கு அடைசல் என்று செய்துவிட்டார்கள். எனக்குத் தெரியவந்தது நாலு நாள் கழித்து. ஓடிப்போய்க் கேட்டால், கடைக்காரர் அதை முந்தின நாளே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்தச் சாக்கில் என்ன போனது என்று நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. நற்கருணை, அதாவது பீடத்தில் அப்பமும் ரசமும், எடுப்பவர்களின் பெயர்ப் பட்டியல், கைப்பிடி அரிசி நோட்டுகள், அடக்கப் பதிவேட்டில் ஒன்று. கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்குட்டியார் தன் வீட்டில் எடுத்து வைத்திருந்ததால் ஞானஸ்நானப் புத்தகம் மூன்றும், விவாகப் பதிவேடும், இன்னொரு அடக்கப் பதிவேடும் தப்பின. அவர் அதிகம் படித்தவர் இல்லை. ‘இதுல எங்க அய்யா பேரு இருக்குய்யா, எப்படிப் போட மனசு வரும்’ என்றார்.

அந்த நற்கருணைப் பட்டியலில் என் ஆச்சியின் பெயர் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சி மன்னார்குடிக்காரி, ஜான் வெஸ்லி வழிவந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையில் பிறந்து வளர்ந்தவள். நம் திருநெல்வேலிச் சீமைக்கு மெதடிஸ்ட் என்றால் பெரிதாகத் தெரியாது, இங்கே ஆதியில் எஸ்.பி.சி.கே., அப்புறம் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று எல்லாமே ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், மிஷன் சங்கங்கள்தான். வெஸ்லியன்கள் 1814-ல் இலங்கைக்கு வந்து, 1817-ல் ஜேம்ஸ் லிஞ்ச் மூலமாக மதராசுக்கு வந்து, அங்கிருந்து திருச்சி, மன்னார்குடி, கரூர் பக்கம் பரவினவர்கள். ஒரு சுவையான சங்கதி, நம் ஜி.யு.போப் இருக்கிறாரே, சாயர்புரத்தில் பள்ளி நடத்தினவர், திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுபோனவர், அவர் 1839-ல் மதராசுக்கு வந்து இறங்கியபோது வெஸ்லியன் மிஷனெரிதான். இங்கே வந்த பிறகுதான் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி எஸ்.பி.ஜி.-யில் சேர்ந்து சாயர்புரம் வந்தார். சாயர்புரத்துக்காரர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

ஆச்சி 1936-ல் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கே அப்போதிருந்த ஐயர், அதாவது போதகர், கொஞ்சம் யோசித்தாராம். அப்புறம் கல்யாணம் நடந்தது, ஆனால் நற்கருணைக்கு இடமில்லை. ஆங்கிலிக்கன் முறையில் அத்தியட்சர், அதாவது பேராயர், கையால் திடப்படுத்தல் என்ற சடங்கு எடுத்தவர்களுக்குத்தான் நற்கருணை. எடுத்துக்கொள்ளேன் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். ‘என்னை எங்க ஊர்லயே சபையில சேர்த்தாச்சு, கர்த்தருக்கு அது தெரியும், இன்னொரு மட்டம் எதுக்கு’ என்று அவள் மறுத்துவிட்டாள். பதினொரு வருஷம் தாத்தா எழுந்து பீடத்துக்குப் போவார், ஆச்சி பெண்கள் பக்கத்தில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை, மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வந்த முதல் நற்கருணை ஞாயிற்றுக்கிழமை ஆச்சியும் தாத்தாவும் சேர்ந்து எழுந்து போனார்கள். ‘அன்னைக்குத்தாம்ல எனக்கும் ஒந் தாத்தாவுக்கும் ஒரே சபை ஆச்சு’ என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷத்துப் பட்டியலில் கடைசியில் புது மையில் அவள் பெயர் சேர்த்திருந்தது. என் அப்பா சபைக் கணக்கு எழுதின காலத்தில் எனக்கு அதைக் காட்டியிருக்கிறார், நான் விரல் வைத்துத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பெயருக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் ‘மெதடிஸ்ட்’ என்று யாரோ தப்பாக எழுதி, அடித்துத் திருத்தியிருந்தது போல ஒரு கறை. அவ்வளவுதான் அந்த வரி. சபைகளின் ஐக்கியத்துக்கு 1919-ல் தரங்கம்பாடியில் கூடி அறிக்கை எழுதினார்கள், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் அதற்காகப் பாடுபட்டு, பலனைப் பார்க்காமலே 1945-ல் இறந்துபோனார். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷப் பேச்சுவார்த்தை ஒரு சிற்றூரில் ஒரு பெண்பிள்ளைக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்பது அந்த ஒரு வரியில்தான் இருந்தது. அது இப்போது லாரியில் போய்விட்டது.

அவள் பெட்டியில் ஒரு சீட்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், ஓரம் மடங்கிப் பழுப்பேறின கெட்டிக் காகிதம். மேலே வருஷமும் எந்தக் காலாண்டு என்பதும், நடுவில் ஒரு வேதவசனம், கீழே கையால் எழுதின அவள் பெயர், ஓரத்தில் போதகரின் சுருக்கொப்பம். மெதடிஸ்ட் வகுப்புச் சீட்டு. 1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டின கூடத்துக்குக் கடன் அடைக்க வழியில்லாமல் இருந்தபோது, ஒருவர் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடுவோம், ஒவ்வொருவரும் பதினொரு பேரைப் பார்த்துக்கொள்வோம், கொடுக்க முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்றாராம். வாராவாரம் காசு வாங்க வீட்டுக்கு வீடு போனவர்கள், அப்படியே வீட்டில் என்ன கஷ்டம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதுதான் பன்னிரண்டு பேர் சேர்ந்த வகுப்பு என்று ஆனது, காலாண்டுக்கு ஒருமுறை இந்தச் சீட்டும் வந்தது. கடனுக்காகத் தொடங்கினது சபையின் முதுகெலும்பாகிவிட்டது.

ஆச்சி இங்கே வந்து பார்த்தபோது கைப்பிடி அரிசியைப் பார்த்துத்தான் மனசு சமாதானமானாளாம். அங்கே காசு, இங்கே அரிசி என்பாள். உலை வைக்கும்போது அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அடுக்களையில் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது, வாரக் கடைசியில் அதைக் கோவிலுக்குக் கொண்டுபோவது, நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் சபையில் அதற்கு நோட்டு உண்டு. வீட்டுக்கு ஒரு வரி, நேரே நாழி, உழக்கு, ஆழாக்கு என்று கணக்கு. சில வாரம் சில வீட்டுக்கு நேரே வெறும் கோடு. அந்தக் கோட்டைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் அந்த வீட்டில் உலையே வைக்கவில்லை என்று அர்த்தம். மழை தவறின வருஷங்களில் பக்கம் முழுக்கக் கோடுகளாக இருக்கும், அதற்கு நடுவில் ஒரு விதவையின் பெயருக்கு நேரே ‘ஆழாக்கு’ என்று எழுதியிருக்கும். எங்கள் கோவில் ஓட்டுக்கூரை அந்த அரிசியில் வந்தது. விழா மலரில் முதல் பக்கத்தில் யார் படத்தைப் போடுவது என்று மூன்று கூட்டம் நடத்தினோம், இந்த நோட்டை ஒருவரும் நினைக்கவில்லை, நானும்தான்.

நம் திருநெல்வேலித் திருச்சபையின் கதையே ஒரு பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறது. 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தது 40 பேர். 1778-ல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மாளின் பெயரும் அதில் உண்டு. அவர் கட்டி 1785-ல் பிரதிஷ்டையான கோவிலை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறோம். நாற்பது பேரையும் வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அதனால்தான் பல ஜாதியும் கலந்த ஒரு சின்னக் கூட்டமாக அது தொடங்கியது என்று இன்றைக்கு நாம் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. 1881-ல் கால்டுவெல் ஐயர் இந்த மிஷனின் ஆதிகால வரலாற்றை எழுதியபோது அவருக்குக் கைகொடுத்ததும் இப்படிப்பட்ட பழைய காகிதங்கள்தான்.

ஆனால் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். சாயர்புரம், 1814-ல் நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்ற வியாபாரியின் பெயர். டோனாவூர், மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் அனுப்பின பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயர். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அந்த வெறும் தேரி மணலில் வந்து முதல் குடிசை போட்டவர்களின் பெயர் என்ன? 1799-ல் முதலூரைச் சுந்தரானந்தம் தாவீது உண்டாக்கினார் என்று படித்திருக்கிறோம், அவரோடு வந்து தங்கின குடும்பங்கள்? இதற்கெல்லாம் பதில் எங்கேயாவது இருக்குமானால் அந்தந்தச் சபையின் பழைய புத்தகத்தில்தான் இருக்கும்.

தப்பின புத்தகங்களை இப்போது பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர், தகப்பன் தாய் பெயர், தொழில், இருப்பிடம், ஞானப் பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டங்கள். தொழில் கட்டத்தில் பனையேறி, பனையேறி, பனையேறி, இடையில் ஒரு வண்டிக்காரர், ஒரு கொத்தனார், பக்கம் புரட்டப் புரட்ட மெதுவாக ஒரு உபதேசியார், ஒரு வாத்தியார், அப்புறம் ஒரு ரைட்டர். ஒரே வீட்டின் மூன்று தலைமுறையைப் பிடித்துக்கொண்டு போனால் பனை உச்சியிலிருந்து பள்ளிக்கூட நாற்காலி வரைக்கும் வந்த வழி தெரிகிறது. பெயர்களும் அப்படித்தான். தகப்பன் பெயர் சுடலை என்றும் மாடன் என்றும் இருக்கும், பிள்ளை வேதமாணிக்கம் ஆகியிருக்கும், பேரனுக்கு வில்லியம் என்று வைத்திருப்பார்கள், அதற்கும் பேரன் இன்றைக்குத் தமிழ்ச்செல்வன்.

அடக்கப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. மரணத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் ‘வாந்திபேதி’. அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்குக் கீழேயும் மேற்படி. பக்கத்தின் அடிவரைக்கும் மேற்படி, இரண்டே வாரத்துத் தேதிகள். வயது கட்டத்தில் 3, 40, 7, 1, 28. எழுதினவரின் கையெழுத்து மேலே நேராக இருக்கிறது, கீழே போகப் போகச் சாய்ந்துவிடுகிறது. கடைசி நாலு வரி வேறு ஆள் கையெழுத்து. முதலில் எழுதினவர் என்ன ஆனார் என்று தேடி அடுத்த பக்கம் புரட்டினேன். நல்லவேளை, மறு மாதத்தில் அவர் கையெழுத்து திரும்ப வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை, நம் சீமையில் ஏராளமான பேர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் டீக்கடையில் சொல்லுகிறவர்கள் உண்டு. நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு முகம் வாடி வருகிறார்கள், பதில் தெரிவதில்லை. நான் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, புத்தகத்தைத் திறந்து பாருங்கள் என்கிறேன். அந்த வருஷங்களில் சேர்ந்த குடும்பம் பஞ்சம் தீர்ந்த பிறகு இருந்ததா போய்விட்டதா என்பது அடுத்த பத்து வருஷத்து ஞானஸ்நானத்திலும் கல்யாணத்திலும் தெரியும். எங்கள் புத்தகத்தில் போனவர்களும் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் தங்கினவர்களும் இருக்கிறார்கள். போனவர்களையும் மறைக்க வேண்டாம். கஷ்டகாலத்தில் ஒரு வாசலைத் தட்டினதில் என்ன வெட்கம் இருக்கிறது?

மறைப்பதுதான் விழா மலர்களின் பெரிய வியாதி. ஜாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தது, கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் வைத்தது, கமிட்டித் தேர்தலில் இரண்டு கட்சியாகி வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தது, இதெல்லாம் எந்தச் சபையில் இல்லை? 1857-ல் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை அவர்கள் மிஷனெரிகளோடு முறித்துக்கொண்டு தனிச்சபையே கண்டார், அதுவும் நம் வரலாறுதான். நல்லதை மட்டும் எழுதினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. எந்தப் புத்தகத்தையும் வெளியே தூக்கிப் போடும் முன் இரண்டு பேர் உட்கார்ந்து பாருங்கள். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், இரண்டும் காகிதத்தைக் கொன்றுவிடும். சுவரில் ஒட்டாமல், தரையில் படாமல் இரும்பு பீரோவில் வையுங்கள். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கையில் இருக்கிற செல்போனிலேயே பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து மூன்று இடத்தில் சேமித்து வைக்கலாம். கல்யாணங்களுக்காவது 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நகல் பதிவாளருக்குப் போகிறது, ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் நம்மிடம் இருக்கிறதை விட்டால் அநேகமாக வேறு கதியில்லை. வைத்துக் காக்க முடியாத சபைகள் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகம் போன்ற இடங்களைக் கேட்கலாம். எண்பது வயசு தாண்டின பாட்டிமார் பக்கத்தில் போய் உட்கார்ந்து பழைய கதையைக் கேட்டு ஒலிப்பதிவும் செய்யுங்கள், இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட முடியாது. சுண்ணாம்பும் தேக்கு உத்தரமும் போட்ட பழைய கோவிலை இடித்துவிட்டுக் காங்கிரீட் கட்டுகிற சபைகளுக்கு ஒரு வேண்டுகோள், அஸ்திவாரக் கல்லையாவது குப்பையோடு போடாமல் எடுத்து வையுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன் ஐயா. விழாச் செய்தி வரும்போது, சபையின் பழைய பதிவேடு எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று ஒரு கேள்வியை உங்கள் நிருபர்கள் கேட்கட்டும். பேப்பரில் வரும் என்று தெரிந்தால் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மலேசியாவிலிருந்து ஒரு பெண் எங்கள் சபைக்கு எழுதியிருந்தார். அங்கே தமிழ் மெதடிஸ்ட் சபையில் இருக்கிற குடும்பம். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் எங்கள் ஊரிலிருந்து தோட்டத்து வேலைக்குக் கப்பலேறினவர், ஊர்ப்பெயரும் அவருடைய பெயரும் மட்டும்தான் வீட்டில் தெரியும், வேறு ஏதாவது இருக்கிறதா, கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டிருக்கிறார். எங்கள் புத்தகங்களின் ஓரத்தில் இப்படிக் குறிப்பு உண்டு, ‘கொழும்பு போனான்’, ‘கண்டிச் சீமை’, ‘பினாங்கு’ என்று பென்சிலில் எழுதியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இங்கே ஆங்கிலிக்கனாகப் போனவர்கள் அங்கே மெதடிஸ்ட் ஆகியிருக்கிறார்கள், என் ஆச்சி வந்த வழியிலேயே திரும்பிப் போனது மாதிரி.

அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. அவர் சொன்ன காலத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டாவது ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்க வேண்டும், தப்பினவற்றில் அதுவும் ஒன்று. வருகிற சனிக்கிழமை காலையில் கோவில்குட்டியாரும் நானும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து முதலில் அதைத்தான் பிரிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
நாங்குநேரி வட்டம்.